நீங்கள் சொன்னது, நான் எழுதியது

பிரின்சிக்குச் சொந்த வீடு கிடையாது. கீரனூரில் அம்மாவோடு வாடகை வீட்டில்தான் இருந்தாள். ஸ்கூட்டர் கிடையாது. மார்ச் மாதத்திலிருந்து வேலையும் கிடையாது. ஆனால் சொந்தமாக ஒரு வலைத்தளம் இருந்தது. 'பிரின்சி எழுதுகிறாள்' என்று அதற்குப் பெயர். திருச்சியில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம், காலை ஏழேகால் பஸ்ஸில் போய் பொழுது சாய்ந்த பிறகு திரும்பி, நகைக்கடைக்கும் நர்சிங் கல்லூரிக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். ஆள் குறைப்பில் முதலில் குறைந்த ஆள் அவள்தான். இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை, சுதந்திர எழுத்தாளராக வாழ்ந்து காட்டுகிறேன் என்று வீம்பாகக் கிளம்பி, யூடியூபில் ஒரு வாரம் பாடம் கேட்டு, அந்தத் தளத்தைத் தானே கட்டி முடித்தாள்.

கட்டியது நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பொய்யெல்லாம் உள்ளே இருந்தது. முகப்பில் அவள் படம். பின்னால் தெரிகிற புத்தக அலமாரி ஆவூர் கோயில் நூலகத்துடையது. 'பத்தாண்டு அனுபவம்' என்று போட்டிருந்தாள். கல்லூரி ஆண்டு மலரில் கவிதை எழுதிய நாளிலிருந்து எண்ணினால் சரியாக வரும். 'வெளிநாட்டு வாடிக்கையாளர் கருத்து' என்ற தலைப்பில் அவளை வாய் வலிக்கப் புகழ்ந்திருந்தவர், சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் அருள்தாஸ். இதெல்லாம் ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் வந்தது, அந்தத் தளத்தில் உண்மை இருந்த ஒரே பக்கத்தால்.

எழுத்தாளர் என்று சொன்னால், எழுதியதைக் காட்டு என்பார்கள். கம்பெனிக்கு எழுதியது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். தன் பெயரில் காட்ட முடியாது. மாதிரிப் படைப்புகள் என்ற பக்கம் ஒரு மாதம் காலியாகவே கிடந்தது. அழகு நிலையங்களில் மாட்டி வைப்பார்களே, முன்பு இப்படி, பின்பு இப்படி என்று ஒரே முகத்தின் இரண்டு படம், அதைப் போல எழுத்தையும் காட்டுங்கள், ஆட்கள் தானாக வருவார்கள் என்று யூடியூப் வாத்தியார் சொல்லியிருந்தார். அப்படிக் காட்ட அவள் கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேவிப்ரியாவுக்கு எழுதிக் கொடுத்த மனு.

தேவிப்ரியா புதுக்கோட்டைக் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் பிரின்சியின் அறைத்தோழி. ஜெகதாப்பட்டினத்துப் பெண், உள்ளூரிலேயே கவியரசன் என்ற விசைப்படகு டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை கடலுக்குப் போன கவியரசனையும் அவனோடு போன நான்கு பேரையும் எல்லை தாண்டி மீன் பிடித்ததாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் காலை தேவிப்ரியா பிரின்சிக்கு வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பினாள், மொத்தம் பதினொரு நிமிஷம். நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, மனுவில் மட்டும் என்ஜின் ரிப்பேர் என்று எழுதச் சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அப்படி எழுதினால்தான் விடுவார்கள் என்றாள்.

பிரின்சிக்கு வேலை செய்வதில் ஒரு முறை உண்டு. ஆள் பேசியதை முதலில் ஒரு சொல் விடாமல் அப்படியே தட்டச்சு செய்துகொள்வாள். பிறகுதான் எழுத உட்காருவாள். அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள். எழுதி முடித்ததைப் படித்தால் கல்லும் கரையும். ஜெகதாப்பட்டினத்து மீனவர் சங்கத்தில் எல்லோரும் அதை மெச்சினார்கள். சங்கத்துச் செயலாளர் பெரியண்ணன் அதைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்ததோடு, அக்கரையில் இவர்களுக்காக ஆஜராகும் வக்கீலுக்கும் அனுப்பிவைத்தார். அந்த மனுவில் இருப்பதைத்தான் ஐந்து பேரும் வாக்குமூலமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இதைத்தான் பிரின்சி ஒரு மாதம் கழித்துத் தன் தளத்தில் ஏற்றினாள். 'நீங்கள் சொன்னது, நான் எழுதியது' என்று தலைப்பு. இடது பக்கம் தேவிப்ரியா பேசியது: "என்ஜின்லாம் நல்லாத்தான்டி இருந்துச்சு. மீனு அங்கிட்டுத்தானே கெடக்கு. இங்கிட்டு வலையப் போட்டா பாசிதான் வருது. தெரிஞ்சேதான் போனாக. எப்பவும் முன்னாடி போறது நம்ம நூத்தி எழுவத்தாறுதானே." வலது பக்கம் மனு: "நூற்று எழுபத்தாறாம் எண் படகின் எந்திரம் நடுக்கடலில் பழுதாகி, காற்றின் போக்கில் தன்னையறியாமல் எல்லைக்கு அப்பால் ஒதுங்கிவிட்டது." அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெயர்களையெல்லாம் தேடித் தேடி எடுத்தாள். கவியரசன் போனான், தேவிப்ரியா போனாள், ஊர் பெயர் போனது. மனிதர் பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் வெளியிட்டாள். தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தை நாளுக்கு நாலைந்து பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் பிரின்சியேதான், ஒரு முறை போனில், ஒரு முறை லேப்டாப்பில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே வருகைக் கணக்கைத் திறந்தவளுக்குக் கண் விரிந்தது. அறுபத்து மூன்று பேர். இந்தியாவிலிருந்து ஏழு. மிச்சம் அத்தனையும் இலங்கை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ் என்றால் உயிரை விடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள், யாரோ ஒரு ரசிகர் பார்த்துவிட்டு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார், இனி வேலை வந்து குவியப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா இன்னாசியம்மாள் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். பிரின்சி இரண்டாம் முறை டீ போட்டுக் குடித்தாள்.

பதினொரு மணிக்குத் தளத்தின் வேலைப் படிவம் வழியாக ஒரு செய்தி வந்தது. பெயர், தொழில், போன் நம்பர், என்ன எழுத வேண்டும் என்று நாலு கட்டம் உள்ள படிவம் அது. பெயர் என்ற இடத்தில் சூசைராஜ் என்றிருந்தது. அவளுடைய சொந்தத் தாய்மாமனுக்கும் அதே பெயர்தான். தொழில் என்ற இடத்தில் கடற்றொழில். நம்பர் இலங்கை நம்பர். கடைசிக் கட்டத்தை அவள் சிரித்த முகத்தோடுதான் படிக்கத் தொடங்கினாள்.

"ஒண்டும் எழுத வேண்டாம் தங்கச்சி. எழுதினதை அழிக்காமல் விட்டால் போதும். நூற்றி எழுபத்தாறு எண்ட நம்பரைக் கண்ட உடன எங்களுக்கு விளங்கிட்டுது. அண்டைக்கு அந்தப் போட் ஏறி அறுத்தது எங்கட வலைகளைத்தான். என்ஜின் பழுது எண்டு சொல்லித் தப்பப் பாக்கினம் எண்டு கேள்விப்பட்டம். நீங்கள் இடது பக்கத்தில போட்டிருக்கிறதைப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கிறம். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டு போறம். உண்மையைப் போட்டதுக்கு நன்றி."

படித்து முடித்ததும் திரும்பப் படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது விரல் தவறி வேறெதையோ அமுக்கித் திரை மறைந்துவிட்டது. செய்தியே இல்லாமல் போய்விட்டதோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். போகவில்லை, அங்கேயேதான் இருந்தது.

முதல் காரியமாக அந்தப் பக்கத்தை அழித்தாள். அழித்த பிறகு இன்னும் பயம் கூடியது. பிரிண்ட் எடுத்தவர்களிடம் போய் எதை அழிப்பது? இப்போது பார்ப்பவர்களுக்கு, ஏதோ இருந்ததால்தானே அழித்தாள் என்று தோன்றாதா? திரும்பப் போட்டுவிடலாமா என்றுகூட அந்தப் பெண் யோசித்தாள். பயம் பிடித்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கவியரசனை அவள் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். கல்யாணத்தில் ஒரு முறை, குழந்தைக்குக் காது குத்தும்போது ஒரு முறை. பந்தியில் அவளுக்கு மீனை முள் பார்த்து எடுத்து வைத்த மனுஷன். அவனை உள்ளே தள்ளுகிற தாளை அவள் கையாலேயே எழுதி, எழுத்து அளவெல்லாம் சரிபார்த்து, ஊருக்குக் காட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் தேவிப்ரியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயம் விடுதலையாகிவிடும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். மனுதான் காரணமாம். "எல்லாம் ஒன் எழுத்துதான்டி. அப்பா சனிக்கிழமை வந்துருவாருன்னு புள்ளகிட்டச் சொல்லிட்டேன்." பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்குவது கேட்டது. பதில் பேசி அனுப்ப பிரின்சி மைக் படத்தை இரண்டு முறை அமுக்கி, இரண்டு முறையும் விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு சிவப்பு இருதயப் படத்தைத் தட்டி அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

புதன்கிழமை அவள் ஒரு தைரியத்தில் அந்த இலங்கை நம்பருக்குப் போன் போட்டாள். அண்ணே, தயவுசெய்து அதைக் கொண்டு போகாதீர்கள் என்று கெஞ்சிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். அங்கே மணி அடித்ததும் தைரியம் வழிந்து போய், கட் செய்துவிட்டாள். அதுதான் தப்பாய்ப் போனது. கால் மணி நேரத்தில் அங்கிருந்து திரும்ப அழைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் போன் உறுமிக்கொண்டு நகர்ந்தது. யார் என்று அம்மா கேட்டாள். லோன்காரன் என்றாள் பிரின்சி. பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை, இரண்டரைக்கு ஒரு முறை, நான்கு மணிக்கு ஒரு முறை அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் போனைக் கவிழ்த்து வைத்தாள். அணைத்து வைக்கவும் பயம். அணைத்த நேரத்தில் தேவிப்ரியா அழைத்து, எடுக்காததற்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது?

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்றும் யோசிக்காமல் இல்லை. கோர்ட்டில் அந்தத் தாளை ஏற்காமல் போகலாம். அந்த ஆட்கள் வராமலே போகலாம். தாளில் பெயர் இல்லையே, யாரோ எங்கோ எழுதியது என்று வக்கீல் தட்டிவிடலாம். தேவிப்ரியாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம். இந்தப் போகலாம்களை வைத்துப் புதன்கிழமையை ஒருவழியாகத் தள்ளினாள். ஆனால் ஐந்து பேரும் எழுந்து நின்று என்ஜின் பழுது என்று சொல்லும்போது, எதிரே ஒருவர் எழுந்து அந்தத் தாளை நீட்டினால்? அந்த இடத்துக்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலை அம்மாவிடம் வேலை விஷயம் என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

வழியெல்லாம் பயம்தான். புதுக்கோட்டையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அறந்தாங்கியில் இறங்கி, கீரனூர்ப் பக்கம் போகிற பஸ் எது என்று ஒருவரிடம் விசாரிக்கவே செய்தாள். அவர் கைகாட்டிய பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஜெகதாப்பட்டினம் பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் ஏறுங்க, ஏறுங்க என்று விரட்டியதில் அவள் ஏறிவிட்டாள் என்பதே உண்மை.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் அருகே இறங்கினாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தது வேனில்; வழி தெரியவில்லை. டீக்கடையில் நின்றவர்களிடம் தேவிப்ரியா வீடு எது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கவியரசன் வீடு என்றாள். எந்தக் கவியரசன் என்றார்கள். அந்தப் பெயரில் நாலு பேர் இருக்கிறார்களாம். ஒரு பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எந்த நம்பரும்மா?" என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "போட்டு நம்பரு. நாங்க நம்பரச் சொல்லித்தான் வீட்டச் சொல்லுவோம்."

பிரின்சி நூத்தி எழுபத்தாறு என்று மெதுவாகச் சொன்னாள். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் மூன்று பேர் கைகாட்டி வழி சொன்னார்கள். அந்த வீட்டுப் புள்ள, அந்த வீட்டு மருமக, நாளைக்கு அந்த ஆளுகளுக்கு விடுதலை என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு ஓடியது. வயக்காட்டுப் பக்கம் பிறந்த பெண்ணுக்கு நம்பர் என்றால் வெறும் நம்பர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெயரையெல்லாம் பொறுக்கி எடுத்தவள், இந்தக் கரையில் எது பெயரோ அதை மட்டும் இரண்டு பக்கத்திலும் விட்டுவைத்திருக்கிறாள்.

தேவிப்ரியா வாசலிலேயே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சொல்லாமல் வந்துவிட்டாயே, எனக்குத் துணையாக இருக்கத்தானே வந்தாய் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். கொடியில் கவியரசனின் சட்டைகள் துவைத்துக் காய்ந்தன. மற்ற நான்கு பேர் வீட்டுப் பெண்களும் செய்தி கேட்டு வந்துவிட்டார்கள், மனு எழுதின புள்ளையைப் பார்க்க. சின்னப்பிள்ளை என்ற வயதான பெண், பிடிபட்டவர்களில் மூத்தவரின் மனைவி, பிரின்சியின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரின்சிக்கு அந்தக் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. டம்ளரில் மோர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். அவர்கள் போவதாக இல்லை. தனியாகப் பேச வேண்டும் என்று தேவிப்ரியாவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அங்கே நின்றுகொண்டு என்னென்னவோ சொன்னாள். வேலை போனது, தளம் ஆரம்பித்தது, மாதிரிக்கு எதுவும் இல்லாதது. தேவிப்ரியா ஒன்றும் புரியாமல், பணம் ஏதும் வேண்டுமா என்று கேட்டாள். அதற்கு மேல் பிரின்சியால் தாங்க முடியவில்லை. போனைத் திறந்து சூசைராஜின் செய்தியை எடுத்து நீட்டினாள்.

தேவிப்ரியா அதை உதடு அசைய வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "இதென்னடி இடது பக்கம்?" என்று கேட்டாள்.

"நீ எனக்குப் பேசி அனுப்புனது. அத எழுதி என் வெப்சைட்ல போட்டுட்டேன்டி. நான் எப்பிடி எழுதுவேன்னு ஆளுகளுக்குக் காட்டுறதுக்காக. பேரெல்லாம் எடுத்துட்டேன். நம்பர எடுக்கணும்னு எனக்குத் தெரியல."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேவிப்ரியா அவளைப் பார்க்கவே இல்லை. செய்தியைக் கடைசிவரை வாசித்தாள், வெள்ளிக்கிழமை என்று வந்த இடத்தை விரலால் தொட்டாள், பிறகு போனைக் கையில் வைத்தபடியே செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாள். பிரின்சி அடுப்படியிலேயே நின்றாள். முன்னறையில் அந்த நான்கு பெண்களும் இன்னும் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் பெரியண்ணனோடு தேவிப்ரியா திரும்பி வந்தாள். பெரியண்ணன் கோபக்காரர் என்று ஊரே சொல்லும். அவரும் சத்தம் போடவில்லை. அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் வக்கீலுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். வக்கீல் கேட்டதற்கெல்லாம் பிரின்சியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம், நான்தான் போட்டேன். ஆமாம், அவள் சொன்ன வார்த்தைகள்தான். ஆமாம், நம்பர் இருந்தது. ஒவ்வோர் ஆமாமுக்கும் முன்னறையில் ஒவ்வொரு முகமாக மாறுவதை அவள் பார்த்தாள். சின்னப்பிள்ளை சற்று முன் பிரின்சியின் கையைப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் சொன்னதன் சுருக்கம் இதுதான். நாளைக்கு என்ஜின் கதையைச் சொல்லி, அவர்கள் இந்தத் தாளை நீட்டினால், ஐந்து பேரும் கூட்டாகப் பொய் சொன்னதாக ஆகும். ஐந்து பேரும் உள்ளே போவார்கள், எத்தனை காலம் என்று தன்னால் சொல்ல முடியாது. இன்றைக்கே தெரிந்ததால் ஒரு வழி இருக்கிறது. பழைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்று, தெரிந்தே வந்தோம் என்று டிரைவர் ஒப்புக்கொண்டு, வலைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். படகைச் செலுத்தியவன் முடிவு, மற்றவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்று வாதாடி நான்கு பேரை வெளியே எடுத்துவிடலாம். டிரைவரை எடுக்க முடியாது. ஜெயிலில் அவரிடம் பேசுகிறேன், வீட்டார் சம்மதக் கடிதம் ஒன்று சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்புங்கள் என்றார்.

போன் வைத்த பிறகு அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான்கு பெண்களும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான்கு பேர் வீட்டுக்கு வருவதும் வராததும் தேவிப்ரியாவின் ஒரு சொல்லில் நின்றது. இந்த நிலையில் தோழியைக் கொண்டுவந்து நிறுத்தியது தன்னுடைய கைதான் என்று நினைத்தபோது, பிரின்சிக்குப் பயம் போய் அதைவிட மோசமான ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

தேவிப்ரியா குழந்தையின் நோட்டு ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டாள். "நான் சொல்றேன், எழுது. ஒரு எழுத்து மாத்தாத. அழகு பண்ணாத."

பிரின்சி எழுதினாள். என்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு என்று தேவிப்ரியா சொன்னாள், அப்படியே எழுதினாள். தெரிஞ்சுதான் போனாக. அந்தக் கரையாளுக வலை அறுந்துச்சுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும், அவுகளும் எங்களப்போலப் பொழைக்கிறவுகதான், மன்னிக்கணும். மத்த நாலு பேரும் அவுக சொன்ன பக்கம் வந்தவுக. தேவிப்ரியா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பிரின்சி வாழ்க்கையில் எழுதிய எதுவும் அந்த ஒன்றரைப் பக்கம் அளவுக்கு அவளுக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. கீழே தேவிப்ரியா கையெழுத்துப் போட்டாள். பெரியண்ணன் படம் எடுத்து அனுப்பினார்.

அன்றைக்குத் திரும்பிப் போக பிரின்சிக்குத் துணிவில்லை. இருக்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை, போகச் சொல்லியும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளை தன் வீட்டில் ஒரு பாயைக் காட்டினார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தேவிப்ரியா வீட்டு முன்னறையில் எல்லோரும் பெரியண்ணனின் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிரின்சி கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். கவியரசன் சம்மதித்தானா என்பதுகூட யாருக்கும் தெரியாது. பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. போன் சும்மா இருந்தாலும் பயமாக இருந்தது, திரையில் வெளிச்சம் வந்தாலும் பயமாக இருந்தது.

ஒன்றேகாலுக்கு வக்கீல் கூப்பிட்டார். நான்கு பேருக்கு விடுதலை. டிரைவருக்கு ஆறு மாதம். வலைக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்களாம், தாளும் கையில் இருந்ததாம். கவியரசன் கூண்டிலிருந்தே அவர்களைப் பார்த்துக் கும்பிட்டானாம். அதற்குப் பிறகு அவர்கள் அந்தத் தாளைக் கொடுக்கவில்லையாம்.

நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், பிறகு தேவிப்ரியாவின் முகத்தைப் பார்த்து அழுகையை அடக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக அவள் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்கள். பெரியண்ணனும் போனார். கொடியில் காய்ந்திருந்த சட்டைகளை தேவிப்ரியா எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தாள். பிரின்சி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தாள். அந்தச் சொல்லுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் தேவிப்ரியா, மடிப்பதை நிறுத்தாமல். "அன்னைக்கு ஒன்கிட்டப் பேசுறப்ப நடுவுல அழுதேன்ல. அதையும் அதுல போட்டிருந்தியா?"

பக்கத்தை அழித்தாயிற்று. தேவிப்ரியா அதைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் போவதில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது. 'நெடுநேரம் அழுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் தான் போட்டதும், படிக்கிறவர் மனதில் தைக்க வேண்டும் என்று அதைச் சாய்வெழுத்தாக மாற்றியதும் பிரின்சியின் கண் முன்னால் நின்றன.

"போட்டிருந்தேன்," என்றாள்.

தேவிப்ரியா ஒரு சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தாள்.

"இந்த ஊர்ல ஒருத்தரும் நான் அழுது பாத்ததில்ல பிரின்சி. எங்க ஆத்தாகூட."